லேபைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களா? முதல் அட்டைப்பெட்டி வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், இல்லை வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறார், இல்லை கட்டடத்தையே இடித்துக் கட்டப்போகிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் "லேபைக் காலி பண்ணணும், நீதான் பார்த்துக்கணும்" என்ற பேச்சு கடைசியில் ஓர் ஆய்வு மாணவர் தலையில்தான் வந்து விழுகிறது. அதுவும் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் தலையில், ஏனென்றால் சீனியர்கள் எல்லாம் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் இதற்குள் வந்தேன், அப்புறம் இரண்டு முறை வேறு குழுக்களுக்கு உதவப் போனேன். முதல் முறை இந்த வேலையில் இறங்குபவர் எதையெல்லாம் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை எழுதுகிறேன். வேதியியலும் உயிரியலும் கலந்த ஒரு லேபை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். உங்களிடம் இல்லாத பகுதியைத் தாண்டிப் போகலாம், ஆனால் கதிரியக்கப் பகுதியை மட்டும் "எங்களிடம் அதெல்லாம் கிடையாது" என்று தாண்டிவிடாதீர்கள். காரணத்தை அங்கே சொல்கிறேன்.

முதலில் ஆட்களைப் பிடியுங்கள்

காலி செய்வது என்றதும் எல்லோருக்கும் பெட்டியும் லாரியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒரு லேபை விட்டு முதலில் வெளியே போகிறவர்கள் மனிதர்கள். ஒவ்வொருவராக வேலை கிடைத்துப் போய்விடுவார்கள், அவர்கள் கலந்து வைத்தது அலமாரியிலேயே இருக்கும். எங்கள் ஃப்யூம் ஹூட்டின் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) இடது மூலையில் கால் லிட்டர் பழுப்பு பாட்டில் ஒன்று இருந்தது. மாஸ்கிங் டேப்பில் நீல மையால் "எஸ்-3, புதுசு, ஃப்ரிட்ஜில் வைக்காதே" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பெயர் இல்லை, தேதி இல்லை, டேப்பின் ஓரம் சுருண்டு மஞ்சளாகியிருந்தது. லேபில் இருந்த யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. பழைய ஆட்களைத் தேடிப்பிடித்து நான்கு பேருக்குப் போன் செய்தோம். நான்காவது ஆள், லேபை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆனவர், கேட்ட மாத்திரத்தில் சொன்னார்: "அது நான் வடிச்சு வெச்ச டிஎச்எஃப். மூடியில கையே வெக்காதீங்க." டிஎச்எஃப் என்றால் டெட்ராஹைட்ரோஃபியூரான், ஒரு கரைப்பான். அதை வடித்தெடுத்தால், வெடிக்கக்கூடிய பெராக்சைடு உண்டாகாமல் தடுக்கும் மருந்து அதிலிருந்து போய்விடும். அப்படிப்பட்ட பாட்டில் இரண்டு வருடம் சும்மா நின்றிருக்கிறது. ஒரு நிமிடப் பேச்சில் அது தெரிந்துபோயிற்று. அவர் போனை எடுக்காமல் இருந்திருந்தால் நாங்கள் அதை மற்ற கரைப்பான்களோடு ஒரே தட்டில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருப்போம்.

ஆகவே முதல் படி இதுதான்: கடந்த சில வருடங்களில் அந்த லேபில் வேலை செய்த எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். இன்னும் இருப்பவர்களை ஆளுக்கு அரை நாள் கூட்டிக்கொண்டு அவரவர் மேசை, அலமாரி, ஃப்ரீசர் தட்டு என்று நடந்து, ஒவ்வொரு பாட்டிலிலும் என்ன இருக்கிறது, எப்போது செய்தது, யாருடையது என்று அங்கேயே நின்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாரையும் விடாதீர்கள். போனவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். என்னவென்று தெரியாத பாட்டிலைக் கழிவு எடுத்துச் செல்லும் நிறுவனங்கள் அப்படியே வாங்கிக்கொள்ளாது. தனியாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் எடுக்கும், அந்தச் செலவு பெயர் தெரிந்த பாட்டிலுக்கு ஆவதைப்போலப் பல மடங்கு. ஒரு போனுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும், எப்போது

சாதாரண லேபுக்கு ஆறு மாதம் முன்னால் ஆரம்பித்தால் நிம்மதியாக முடிக்கலாம். கதிரியக்கப் பொருளோ விலங்குகளோ இருந்தால் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள், அனுமதித் தாள்கள் நகரும் வேகம் நம் கையில் இல்லை. சுமைகூலி நிறுவனத்துக்குப் போன் செய்வதற்கு முன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர், உயிரியல் பாதுகாப்புக் குழு, விலங்கு ஆய்வு நெறிக்குழு, கட்டடப் பராமரிப்பு, கணினிப் பிரிவு என்று உங்களுக்குப் பொருந்துகிற எல்லோருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

இடம் மாற்றுகிறீர்கள் என்றால் போய்ச்சேரும் இடத்தின் பாதுகாப்பு அலுவலகத்திடமும் அப்போதே பேச வேண்டும். கதிரியக்க உரிமம், கெட்டமைன் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கான அனுமதி, மரபணு மாற்றிய உயிரிகளுக்கான அனுமதி, இவையெல்லாம் பொதுவாக ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் ஒரு குறிப்பிட்ட முகவரிக்கும் கொடுக்கப்பட்டவை. பேராசிரியர் இடம் மாறினால் அவரோடு தானாக மாறிவிடாது. புதிய இடத்தில் அனுமதி கையில் வரும்வரை அந்தப் பொருளை நகர்த்தவே கூடாது.

எல்லாவற்றையும் எழுதுங்கள்

அடுத்தது பட்டியல். எக்செல் தாள் போதும். பொருள், அளவு, நிலை, யாருடையது, எங்கே இருக்கிறது, எங்கே போகப்போகிறது. கடைசிக் கட்டத்தில் நான்கே விடைதான் இருக்க வேண்டும்: கூட எடுத்துப்போகிறோம், வேறு குழுவுக்குக் கொடுக்கிறோம், கொடுத்தவரிடமே திருப்புகிறோம், கழிவுக்கு அனுப்புகிறோம். "பிறகு முடிவு செய்யலாம்" என்று ஐந்தாவது கட்டம் திறந்தால் பாதிப் பொருள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும், நான் பார்த்திருக்கிறேன்.

மேசையில் இருப்பது எல்லோர் கண்ணிலும் படும். மறந்துபோவது வேறு இடங்களில் இருக்கும்: சிங்க்குக்குக் கீழ் அலமாரி, ஹூட்டின் மேல்தட்டு, இழுப்பறையின் அடிப்பக்கம், வராண்டாவில் நிற்கும் பீரோ, வேறு துறையின் ஃப்ரீசரில் இரவல் வாங்கிய ஒரு தட்டு, எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் குளிர் அறை. பொது இடம்தான் மிகவும் மோசம், யாருடைய பெயரும் இல்லாததால் ஒவ்வொருவரும் அடுத்தவருடையது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் 2014 ஜூலை 1 அன்று நடந்தது இதற்குச் சரியான சாட்சி. பெதஸ்டாவில் தேசிய சுகாதார நிறுவன வளாகத்துக்குள் உணவு மருந்து நிர்வாகத்தின் லேப் ஒன்று இருந்தது. அதை வேறு வளாகத்துக்கு மாற்றுவதற்காகப் பொருட்களை ஒழுங்குபடுத்தியபோது, குளிர் அறையின் சேமிப்பில் இருந்த அட்டைப்பெட்டிகளில் உருக்கி மூடிய சிறு கண்ணாடிக் குப்பிகள் கிடைத்தன. சிலவற்றில் "வேரியோலா" என்று எழுதியிருந்தது. பெரியம்மை வைரஸ். 1950களில் உறையவைத்து உலர்த்தியவை. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980-லேயே உலகம் அறிவித்துவிட்டது, அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் உள்ள இரண்டு லேப்களைத் தவிர வேறெங்கும் அந்த வைரஸ் இருக்கவே கூடாது. பிறகு சோதித்தபோது இரண்டு குப்பிகளில் வைரஸ் இன்னும் உயிர்ப்போடு இருந்தது. மொத்தம் 12 பெட்டிகளில் 327 குப்பிகள், பல நோய்க்கிருமிகளின் பெயர்களோடு. எவ்வளவோ பேர் அந்த அறைக்குள் போய்வந்திருப்பார்கள், ஒருவருக்கும் அது தன் பெட்டி இல்லை. குளிர் அறையின் கடைசித் தட்டுவரை ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். பார்த்ததும் சந்தேகமாக இருந்தால் மூடி, பூட்டி, உயிரியல் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள். கையில் எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்க்க வேண்டாம்.

ரசாயனங்கள்: தொடக் கூடாதவை முதலில்

இந்தப் பகுதியில் அவசரம் கூடவே கூடாது. அலமாரியைச் சுத்தம் செய்யத் தொடங்கும் முன் கைகளைக் கட்டிக்கொண்டு வெறுமனே ஒரு முறை பார்த்துக்கொண்டே போங்கள். கீழே சொல்பவற்றில் எதையாவது கண்டால் திறக்காமல், நகர்த்தாமல், மற்றவர்களும் தொடாதபடி எழுதி வைத்துவிட்டுப் பாதுகாப்பு அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்.

ஈதர் வகைகள். டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டையாக்ஸேன் எல்லாம் காற்றுப் பட்டால் நாளாக ஆகப் பெராக்சைடாக மாறும். டை-ஐசோபுரொப்பைல் ஈதர் இவற்றில் மிக மோசமானது, ஆவியாக்கிச் சுண்டவைக்காமலேயே அபாயமான அளவுக்குப் போய்விடும். மூடியைச் சுற்றியோ உள்ளேயோ வெள்ளைப் படிகமோ, நூல் போன்ற இழையோ, தெரியும் கலங்கலோ இருந்தால் அந்த மூடியைத் திருகும் உராய்வே வெடிக்கப் போதும். படிகம் இல்லாத, திறந்த தேதி தெரிந்த, சமீபத்திய பாட்டிலைப் பெராக்சைடு காகிதத் துண்டால் சோதிக்கலாம். வயது தெரியாத பாட்டிலைச் சோதிப்பதற்காகக்கூடத் திறக்காதீர்கள்.

பிக்ரிக் அமிலம். ஈரமாக, குறைந்தது 30 சதவீதம் தண்ணீரோடு இருக்க வேண்டிய மஞ்சள் பொடி. காய்ந்துவிட்டால் அது வெடிமருந்து. மூடியின் மரையில் ஒட்டிக் காய்ந்திருந்தால் பாட்டிலுக்குள் ஈரம் இருந்தும் பயனில்லை. திசு ஆய்வு செய்கிற லேப்களில் சாயக் கலவைக்கு வாங்கி மறந்துபோயிருப்பார்கள், உயிரியல்காரர்களும் தேடிப்பாருங்கள்.

சோடியம் அசைடு. பாதுகாப்புப் பொருளாகக் கொஞ்சம் கொஞ்சம் கலந்து பல கரைசல்களில் இருக்கும். அதைச் சிங்கில் ஊற்றினால் செம்பு, ஈயக் குழாய்களோடு சேர்ந்து அதிர்ந்தாலே வெடிக்கும் உப்பு உண்டாகும், பின்னால் குழாயைக் கழற்ற வரும் ஆளின் கையில் அது வெடிக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

எண்ணெய்க்குள் கிடக்கும் பொட்டாசியம் துண்டின்மேல் மஞ்சளோ ஆரஞ்சோ படிந்திருந்தால் கத்தி வைக்கக் கூடாது, வெட்டும்போதே வெடிக்கும். பெர்குளோரிக் அமிலத்தைச் சாதாரண ஹூட்டில் சூடாக்கிப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஹூட்டின் புகைக்குழாய்க்குள் வெடிக்கக்கூடிய பெர்குளோரேட் உப்பு படிந்திருக்கலாம், குழாயைக் கழற்ற வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்வது உங்கள் பொறுப்பு. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருந்தால், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு பக்கத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலை எடுக்காதீர்கள். நீர்த்த கரைசல் தோலில் பட்டால் வலியே சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், அதற்குள் உள்ளே இறங்கியிருக்கும்.

பாதரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது தண்ணீரைப்போல 13 மடங்குக்கும் மேல் கனம். அரை லிட்டர் பாட்டில் கிட்டத்தட்ட 7 கிலோ இருக்கும். பழக்கத்தில் ஒரு கையால் சட்டென்று தூக்கினால் நழுவும், அட்டைப்பெட்டியில் வைத்தால் அடி பிய்ந்து விழும். பல வருடங்களாக உடைந்த தெர்மாமீட்டர்களின் பாதரசம் சிங்க்குக்குக் கீழே வளைந்த குழாயில் தங்கியிருக்கும், இழுப்பறை இடுக்குகளில் மணி மணியாகக் கிடக்கும். பழைய லேப் என்றால் அதையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவற்றை ஒதுக்கிய பிறகு மீதியைப் பிரிக்கலாம். அகர வரிசையில் அடுக்கிப் பெட்டி கட்டாதீர்கள். எரிகிற கரைப்பான், அமிலம், காரம், ஆக்சிஜனேற்றி, தண்ணீர் பட்டால் எரிவது, நச்சு என்று குணத்தை வைத்துப் பிரியுங்கள். குறிப்பாக நைட்ரிக் அமிலமும் கரிமக் கரைப்பானும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. கழிவுப் பாட்டிலிலும் அப்படியே. லேபைச் சுத்தம் செய்யும் வாரத்தில் நடக்கக்கூடிய விபத்து ஒன்று உண்டு: அசிட்டோன் கழிவு இருந்த பாட்டிலில் யாரோ நைட்ரிக் அமிலத்தை ஊற்றி இறுக்கி மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், வினை மெல்ல நடந்து வாயு சேர்ந்து நள்ளிரவில் பாட்டில் வெடிக்கும். பழைய கழிவுப் பாட்டிலில் மிச்சம் இருக்கிறதென்று புதியதை ஊற்றி நிரப்பாதீர்கள், சுத்தமான பாட்டிலில் தொடங்குங்கள். சிங்கில் ஊற்றுவதும் ஹூட்டில் திறந்துவைத்து ஆவியாக விடுவதும் கழிவு அகற்றும் வழிகளே அல்ல, எவ்வளவு அவசரமானாலும்.

என் சொந்தக் கருத்து ஒன்று: புதிய இடத்துக்கு ரசாயனங்களை முடிந்தவரை எடுத்துப்போகாதீர்கள். திறந்த பாட்டில்களைப் பொதிந்து, அபாயப் பொருள் விதிகளின்படி லேபிள் ஒட்டி, அதற்கென்று உரிமம் பெற்ற வண்டியில் அனுப்பும் செலவு, பெரும்பாலும் அங்கே புதிதாக வாங்குவதைவிட அதிகமாகிவிடும். கிடைக்காதது, நீங்களே செய்தது, விலை மிக அதிகமானது, இவை மட்டும் போகட்டும். திறக்காத பாட்டில்களைப் பக்கத்து லேப்களுக்குக் கேட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போது பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிந்து, வாங்குகிறவரின் கையெழுத்தோடு கொடுங்கள். யாருடைய சொந்தக் காரிலும் ஒரு பாட்டில்கூட ஏறக் கூடாது, பக்கத்துக் கட்டடம்தான் என்றாலும் சரி.

வாயு சிலிண்டர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முடிந்தால் எல்லாவற்றையும் கொடுத்த நிறுவனத்திடமே திருப்பிவிடுங்கள். ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின்மேல் உலோக மூடியைத் திருகாமல் ஒரு சிலிண்டரையும் ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள். நிறைந்த சிலிண்டரில் வளிமண்டலத்தைப்போல 150, 200 மடங்கு அழுத்தம் இருக்கும், விழுந்து வால்வு உடைந்தால் அது ராக்கெட் மாதிரி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். சங்கிலி உள்ள ட்ராலியில்தான் கொண்டுபோக வேண்டும், உருட்டக் கூடாது. இழுப்பறைகளில் முன்கை நீளத்துக்குச் சின்னச் சிலிண்டர்கள் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஹைட்ரஜன் புரோமைடு போன்ற அரிக்கும் வாயுக்கள் அவற்றில் வரும், வருடக்கணக்கில் கிடந்தால் வால்வு அரித்துத் திறக்கவும் மூடவும் முடியாத நிலைக்குப் போயிருக்கும்.

உயிரியல் பொருட்களும் ஃப்ரீசரும்

எந்த மாதிரி வேண்டும், எது வேண்டாம் என்பதைப் பேராசிரியரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மனித மாதிரிகள் என்றால் கொடுத்தவர்கள் எதற்குச் சம்மதித்தார்கள் என்ற தாள் கூடவே போக வேண்டும், வேறு நிறுவனத்துக்கு மாற்றவே அந்தச் சம்மதம் இடம் கொடுக்காமல் இருக்கலாம். வேறு லேபிலிருந்து ஒப்பந்தத்தின்பேரில் வாங்கிய செல்களும் பிளாஸ்மிடுகளும் அப்படித்தான், கேட்காமல் கொண்டுபோக முடியாது.

-80 டிகிரி ஃப்ரீசரை மாற்றுவதுதான் இதில் எல்லோரையும் தூங்கவிடாத வேலை. ஒரு பத்து வருட உழைப்பு அதற்குள் இருக்கும். மாதிரிகளை உள்ளே வைத்தபடி ஃப்ரீசரைத் தள்ளிக்கொண்டு போவது பக்கத்து அறைக்கு வேண்டுமானால் சரி, தூரம் என்றால் உலர்பனிக்கட்டியில் தனியாகப் போவதுதான் நல்லது. காலி ஃப்ரீசரை முன்கூட்டியே அணைத்து முழுக்க உருகவிடுங்கள், ஒன்றிரண்டு நாள் ஆகும், தரையெல்லாம் தண்ணீர் வரும், துணிகளோடு தயாராக இருங்கள். நிமிர்த்தியபடியே ஏற்றி இறக்க வேண்டும். புதிய இடத்தில் வைத்தவுடன் போடாமல், சாய்ந்திருந்தால் ஒரு நாள் அப்படியே நிற்கவிட்டு, கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்கிய பிறகு போடுங்கள். -80க்கு வந்து இன்னொரு நாள் அங்கேயே நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாதிரிகளை உள்ளே வைக்கலாம். ஆகவே இடைப்பட்ட நாட்களுக்கு வேறொரு ஃப்ரீசரில் இடம் பேசிவைத்திருக்க வேண்டும். ஈடுசெய்யவே முடியாத மாதிரிகளை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு நாளில், வெவ்வேறு வண்டியில் அனுப்புங்கள்.

உலர்பனிக்கட்டி -78 டிகிரியில் நேராக வாயுவாகும். ஒரு கிலோ கரைந்தால் 500 லிட்டருக்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு. இறுக்கி மூடிய டப்பாவில் வைத்தால் டப்பா வெடிக்கும், ஜன்னல் மூடிய வண்டிக்குள் வைத்தால் ஓட்டுநருக்கு மூச்சு முட்டும். திரவ நைட்ரஜன் இன்னும் கடுமை, ஒரு லிட்டர் கிட்டத்தட்ட 700 லிட்டர் வாயுவாகிறது, வாடையும் இல்லை. லிஃப்டில் ஏற்றினால் ஆள் கூடப் போகக் கூடாது: ஒருவர் உள்ளே வைத்து பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வர வேண்டும், மேலே இன்னொருவர் நின்று எடுக்க வேண்டும், நடுவில் எந்த மாடியிலும் யாரும் ஏறாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேசை, இன்குபேட்டர், சென்ட்ரிஃப்யூஜ் எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்யுங்கள். ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்று கலந்தது, பத்து நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும், பிறகு தண்ணீரால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எஃகு அரிக்கும். ப்ளீச்சோடு அமிலமோ அம்மோனியாவோ சேரக் கூடாது, ப்ளீச் கலந்த கழிவை ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) வைக்கவும் கூடாது. உயிரியல் பாதுகாப்புப் பெட்டியின் (கிருமிகளை வைத்து வேலை செய்யும், காற்றை வடிகட்டும் கூண்டு) உள்ளே வடிகட்டியில் இத்தனை வருடக் கிருமி சிக்கியிருக்கும், மேலே துடைத்தால் போதாது. நகர்த்தும் முன் வாயு முறையில் கிருமிநீக்கம் தேவையா என்று உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் கேளுங்கள். புதிய இடத்தில் வைத்த பிறகு காற்றோட்டத்தையும் வடிகட்டியையும் சோதித்துச் சான்று கொடுக்கும்வரை அதில் வேலை செய்யாதீர்கள், ஆட்டம் கண்டதில் வடிகட்டியின் ஓரம் விலகியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

கதிரியக்கம்: "எங்களிடம் இல்லை" என்பவர்களுக்கும்

பிரேசிலின் கோயானியா நகரில் ஒரு தனியார் கதிர்சிகிச்சை நிலையம் 1985 கடைசிவாக்கில் இடம் மாறியது. கோபால்ட் எந்திரத்தைத் தங்களோடு எடுத்துப்போனார்கள், சீசியம்-137 எந்திரத்தைப் பழைய கட்டடத்திலேயே விட்டுவிட்டார்கள். உரிமம் கொடுத்த அமைப்புக்குச் சொல்லவும் இல்லை. 1987 செப்டம்பரில் பாழடைந்த கட்டடத்துக்குள் போன இருவர் அதைப் பழைய இரும்புக்கு விற்கக் கழற்றினார்கள். உள்ளே இருந்த தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது, அழகாக இருக்கிறதென்று அதை வாங்கிய பழைய இரும்புக் கடைக்காரர் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார். நான்கு பேர் இறந்தார்கள், ஒரு குழந்தை உட்பட. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்ததில் 249 பேரின் உடலிலோ உடலுக்குள்ளோ கதிரியக்கம் இருந்தது. டெல்லி மாயாபுரியில் 2010-ல் நடந்ததும் இதே மாதிரிதான், அங்கே அது பல்கலைக்கழக லேபிலிருந்தே போயிற்று. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த கோபால்ட்-60 காமா எந்திரம் பழைய இரும்போடு ஏலத்தில் போய்விட்டது. பழைய இரும்புக் கடையில் அதைப் பிரித்தபோது பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்த ஆட்கள் விற்கும் நேரத்தில் பக்கத்தில் இல்லை.

உங்கள் லேபில் இவ்வளவு பெரிய கதிரியக்க மூலம் இருக்காது. ஆனால் சின்னவை ஒளிந்திருக்கும். வாயு குரோமடோகிராஃபின் (கலவையை ஆவியாக்கிப் பிரித்துப் பார்க்கும் கருவி) எலக்ட்ரான் பிடிப்பு உணரிக்குள் நிக்கல்-63 உண்டு. கதிரியக்கத்தை அளக்கும் திரவ மினுக்க எண்ணிக் கருவிக்குள் அளவு சரிபார்க்க ஒரு மூலம் வைத்திருப்பார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குச் சாயமாகப் பயன்படும் யுரானைல் அசிடேட், பெயரிலேயே யுரேனியத்தை வைத்துக்கொண்டு சாதாரண ரசாயன அலமாரியில் நிற்கும். இந்தக் கருவிகளைப் பழைய பொருளாக விற்கவோ குப்பையில் போடவோ முடியாது, மூலத்தைக் கழற்ற உரிமம் உள்ளவர் வர வேண்டும்.

கதிரியக்க ஐசோடோப்பு பயன்படுத்தியிருந்தால், பாஸ்பரஸ்-32 மாதிரி 14 நாளில் பாதியாகிறதைப் பத்து அரை ஆயுள், அதாவது ஐந்து மாதம் போல, பூட்டிவைத்துச் சோதித்துவிட்டு அகற்ற அனுமதிப்பார்கள். கார்பன்-14-ன் அரை ஆயுள் 5,730 வருடம், அதைக் காத்திருந்து தீர்க்க முடியாது. மேசை, தரை, சிங்க், ஃப்ரிட்ஜின் கைப்பிடிவரை துடைத்தெடுத்து, அதில் கதிரியக்கம் இருக்கிறதா என்று எண்ணிப்பார்த்து, கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலர் எழுதிக் கொடுத்த பிறகுதான் அறை உங்கள் கையைவிட்டுப் போகலாம்.

கருவிகளும் தாள்களும்

நுண்ணோக்கிக்குப் பயணத் திருகுகள் உண்டு, கையேட்டைப் பார்த்துப் பூட்டுங்கள். தராசின் தட்டைக் கழற்றுங்கள், சென்ட்ரிஃப்யூஜிலிருந்து ரோட்டரை எடுங்கள், வெற்றிட பம்ப் எண்ணெயை வடித்துக் கழிவாகக் கொடுங்கள். லேசர், நிறமாலைமானி, காந்த ஒத்ததிர்வுக் கருவி போன்றவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் ஆளே வந்து பிரித்து அங்கே பூட்டட்டும். மிகப் பழைய அடுப்புகள், சூடு தாங்கும் கையுறைகள், அட்டைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், பிய்க்காமல் கேட்டுச் செய்யுங்கள்.

கருவியோடு இணைந்த பழைய கணினியை யாரும் கவனிப்பதில்லை. அந்த மென்பொருள் வேறு கணினியில் ஓடாது, அதன் உரிமச் சாவி பின்பக்கத்தில் செருகிய சின்னக் குச்சியாக இருக்கும், அதைக் கழற்றி யாராவது இழுப்பறையில் போட்டுவிட்டால் கருவியே வீண். அந்தச் சாவியைக் கணினியோடு சேர்த்து ஒட்டிவையுங்கள், வட்டை முழுமையாக நகல் எடுங்கள், கடவுச்சொற்களை எழுதி வாங்குங்கள். லேப் நோட்டுகள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். எது இங்கே இருக்க வேண்டும், எதன் நகல் போகலாம் என்று கேட்டுவிட்டுப் பெட்டி கட்டுங்கள். நோட்டுகளை ஒரே பெட்டியில் போட்டு லாரியில் ஏற்றுவதற்கு முன் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

கடைசி வாரம்

சுத்தம் செய்து முடித்த ஒவ்வொரு கருவிக்கும் தேதியும் கையெழுத்தும் போட்ட சீட்டு ஒட்டுங்கள், அந்தச் சீட்டு இல்லாததைச் சுமக்க வருகிறவர்கள் தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள். அவர்களுக்கு லேப் பழக்கம் கிடையாது, எந்தப் பெட்டி ஆபத்து என்று தெரியாது. அவர்களை நம்பிக்கையோடு உள்ளே விடும் அளவுக்கு அறையைத் தயார் செய்வது நம் கடமை. சுத்தமான ஃப்ரிட்ஜிலிருந்தும் ஹூட்டிலிருந்தும் பழைய அபாயக் குறிகளைக் கிழித்தெடுத்துவிடுங்கள். காலியான ஃப்ரிட்ஜில் கதிரியக்கக் குறி ஒட்டியிருந்தால் பின்னால் வருகிறவர் பயப்படுவார், நாலு முறை அப்படிப் பயந்து ஒன்றுமில்லை என்று கண்டபின் ஐந்தாவது முறை உண்மையான குறியையும் நம்பமாட்டார். ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடி எதையும் சாதாரணக் குப்பைப் பையில் போடாதீர்கள்.

எல்லாம் போன பிறகு, பாதுகாப்பு அலுவலரோடு வெறும் அறையில் ஒரு முறை நடங்கள். ஒவ்வொரு இழுப்பறையையும் முழுக்க வெளியே இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். நாங்கள் அப்படி இழுத்தபோது பின்னால் விழுந்து கிடந்த இரண்டு ஊசிகளும், மூடி துருப்பிடித்த ஒரு சிறு பாட்டிலும் கிடைத்தன. காலி என்று நாங்கள் கையெழுத்துப் போடவிருந்த அறை அது.

புதிய இடத்தில் பெட்டிகளைப் பிரிக்கும் முன் கண்கழுவும் குழாயைத் திறந்து தண்ணீர் தெளிவாக வரும்வரை ஓடவிடுங்கள், ஹூட்டின் காற்றிழுப்பைச் சோதித்த சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், தீயணைப்பான் எங்கே என்று எல்லோரும் நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

மூடிய லேபின் பட்டியலில் ஒரு நகலைத் துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டுத்தான் சாவியை ஒப்படைக்க வேண்டும். எந்தப் பொருள் யாரிடம் போனது, எந்தத் தேதியில் கழிவுக்குப் போனது, எந்த மேசையில் எதைச் சிந்தினோம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். முதல் பக்கத்தில் உங்கள் பெயரையும் போன் எண்ணையும் எழுதுங்கள். எண் மாறினால் துறைக்கு ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.